படிவம் 4-க்குக் கலைப்பாடம்: போராங்கில் எண் எழுதும் முன்

படிவம் 3 முடியும் தறுவாயில் பள்ளிப் பையிலிருந்து ஒரு போராங், அதாவது நிரப்பித் தர வேண்டிய தாள், வீட்டுக்கு வரும். தலைப்பில் ‘பாகெஜ் மாத்தா பெலாஜாரான்’, அதாவது பாடத் தொகுப்பு, என்று இருக்கும். கீழே நான்கைந்து பாடத் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பாடங்கள், பக்கத்தில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதக் கட்டம், அடியில் பெற்றோர் கையொப்பம். சில நாள்களில் திருப்பித் தர வேண்டும். பல வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடத்தில் அந்தத் தாள் நிரம்பிவிடுகிறது. கூட்டாளி எடுத்த பாடம், அக்கா எடுத்த பாடம், ‘சுலபமாம்’ என்று யாரோ சொன்ன பாடம். இரண்டு வருடம் அந்தப் பாடத்தோடு குடித்தனம் நடத்தப்போகும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் பற்றாது.

கலைப்பாடம் எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முறையை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கும் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை. மூன்று விஷயங்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: மதிப்பெண் எதிலிருந்து வருகிறது, வாரத்துக்கு எவ்வளவு வேலை வாங்கும், உங்கள் பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா. பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து எடுத்தவர்கள்தான் படிவம் 4-இன் மூன்றாவது மாதத்தில் ‘மாற்றிக் கொடுங்கள் சிக்கு (ஆசிரியரே)’ என்று ஆபீஸ் வாசலில் நிற்பார்கள்.

கட்டாயம் எது, விருப்பம் எது

மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, நன்னெறிக் கல்வி ஆகிய ஆறும் கட்டாயம். முஸ்லிம் மாணவருக்கு நன்னெறியின் இடத்தில் இஸ்லாமியக் கல்வி வரும். இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனியாக எடுப்பவர்கள் பொது அறிவியலை எழுதுவதில்லை. உடற்கல்வி அட்டவணையில் இருக்கும், எஸ்.பி.எம். தாள் கிடையாது. இந்த ஆறோடு மூன்று விருப்பப் பாடம் சேர்ந்தால் ஒன்பது. கலைத் தொகுப்பு எடுக்கும் பல பிள்ளைகள் நிற்கும் எண்ணிக்கை ஏறக்குறைய அதுதான்.

மலாய்மொழி, வரலாறு இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும், மற்றவற்றில் எத்தனை ஏ வாங்கினாலும் சான்றிதழ் கைக்கு வராது. வரலாற்றுக்கு இந்த விதி 2013-இல் வந்தது. ஓவியத்திலும் இசையிலும் மூழ்கிப்போகும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் வரலாறுதான். ஆகவே விருப்பப் பாடத்துக்கு நேரம் ஒதுக்கும்போது வரலாற்றின் நேரத்தைத் தொடாதீர்கள்.

சயன்ஸ் ஸ்ட்ரீம், ஆர்ட்ஸ் ஸ்ட்ரீம் என்ற பழைய பிரிவினை 2020-இல் எடுக்கப்பட்டு, தொகுப்பு முறை வந்தது. ஒரு பக்கம் ஸ்டெம் தொகுப்புகள், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்தவை. மறுபக்கம் மொழி, மனிதவியல், கலை சார்ந்தவை. ‘ஆர்ட்ஸ் கிளாஸ் என்றால் கடைசி கிளாஸ்’ என்ற பேச்சு ஏட்டிலிருந்து போய்விட்டது, வாயிலிருந்து இன்னும் போகவில்லை. மாமா அத்தை சொல்வதைக் கேட்கலாம். ஆனால் அவர்கள் சொல்வது அவர்கள் படித்த காலத்து அமைப்பைப் பற்றி. படிவம் 3-இல் எழுதிய பிடி3 தேர்வும் 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது தொகுப்பில் இடம் ஒதுக்கப் பள்ளி பார்ப்பது யுஏஎஸ்ஏ எனும் ஆண்டிறுதித் தேர்வையும் வகுப்பு மதிப்பீட்டையும்தான்.

போராங் முழுக்க மலாயில் இருக்கும். பெண்டிடிகான் செனி விசுவல் என்றால் காட்சிக்கலைக் கல்வி, நம் வாய்வழக்கில் ஓவியப் பாடம். பெண்டிடிகான் மூசிக் இசைக்கல்வி. கெசுசஸ்தெராஆன் என்று தொடங்கினால் இலக்கியம்: பின்னால் ‘தமிழ்’ வந்தால் தமிழ் இலக்கியம், ‘மெலாயு கொமுனிகாதிஃப்’ வந்தால் மலாய் இலக்கியம். பாஹாசா தமிழும் கெசுசஸ்தெராஆன் தமிழும் இரண்டு தனித்தனிப் பாடங்கள். ஒன்றில் குறியிட்டால் மற்றதும் சேர்ந்து வரும் என்று நினைத்துக் கையொப்பம் போட்டுவிடாதீர்கள்.

தமிழ்மொழி, தமிழ் இலக்கியம்

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தமிழ்மொழி கைவசம் உள்ள சரக்கு. அதைப் படிவம் 4-இல் விடுவதற்குப் பொதுவாக இரண்டு காரணம் சொல்வார்கள்: ‘ஏ வராது’, ‘டீச்சர் இல்லை’. முதல் காரணத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாள் கட்டுரை. இன்னொரு தாளில் செய்யுள், மொழியணி, கருத்துணர்தல், இலக்கணம். ஏ நழுவுவது பெரும்பாலும் இலக்கணத்திலும், கட்டுரையின் ஒற்றுப் பிழை, சந்திப் பிழையிலும்தான். இரண்டும் பயிற்சியால் சரியாகும் கோளாறுகள். வாரம் ஒரு கட்டுரை எழுதி, திருத்தி வந்த பிழைகளை மட்டும் ஒரு தனி நோட்டில் ஏற்றி வந்தால், ஆறு மாதத்தில் அதே பத்துப் பன்னிரண்டு பிழைகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது காரணத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். கணக்கு ‘பள்ளியில்’ 15 பேர். ஒரே வகுப்பில் 15 பேர் இருந்தாக வேண்டியதில்லை. செய்ய வேண்டியது இதுதான்: பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், கையொப்பம் என்று ஒரு பட்டியல் தயார் செய்து, ஒரு கடிதத்தோடு பள்ளி முதல்வரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். பதினைந்தோடு நிறுத்தாமல் இருபது கையொப்பம் வாங்குங்கள். இரண்டு மூன்று பேர் பின்வாங்குவது வழக்கம். வகுப்பு அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்த பிறகு நடக்கலாம். பினாங்குத் தீவில் படித்துவிட்டு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் திரும்பும் பிள்ளைக்கு, ஃபெரியோ பேருந்தோ வீடு சேர எத்தனை மணி ஆகும் என்பதையும் அப்போதே கணக்கிலெடுங்கள்.

தமிழ் இலக்கியம் அதைவிடத் தனிக் கதை. கவிதை, நாவல், நாடகம் என்று பாடநூல்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை நூல்கள் மாறும். அண்ணனின் பழைய குறிப்பைக் கையிலெடுக்கும் முன், உங்கள் எஸ்.பி.எம். ஆண்டுக்கு எந்த நூல்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தவறான நாவலை மூன்று மாதம் படித்த கொடுமை நடக்கக் கூடாது. பல பள்ளிகளில் இந்தப் பாடம் அட்டவணையில் இருக்காது. மாலையிலோ சனிக்கிழமையிலோ, ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் நேரம் ஒதுக்கினால் வகுப்பு நடக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘பாடம் உண்டா’ என்பதோடு நிற்கக் கூடாது. ‘யார் நடத்துகிறார், எங்கே, எத்தனை மணிக்கு’ என்பது வரை போக வேண்டும்.

இலக்கியத்தில் மதிப்பெண் போகும் இடம் ஒன்றே ஒன்று: கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் கதையைச் சொல்லிவிடுவது. பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். ஏதாவது ஒரு சிறுகதையைப் படிக்கக் கொடுங்கள். ‘இந்தப் பாத்திரம் கடைசியில் ஏன் அப்படி நடந்துகொண்டது? கதையிலிருந்து இரண்டு சான்று காட்டு’ என்று கேட்டுப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். பத்து வரியில் எட்டு வரி ‘ஒரு நாள் அவன்...’ என்று கதையாகவே போனால், எழுதும் முறையில் பயிற்சி வேண்டும் என்று பொருள். முதல் வரியிலேயே காரணம் வந்துவிட்டால் இந்தப் பிள்ளை இலக்கியத்துக்குத் தயார்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. எஸ்.பி.எம்.மில் 10 பாடத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று 2009-இல் அறிவிப்பு வந்தபோது, முதல் அடி தமிழ்மொழிக்கும் தமிழ் இலக்கியத்துக்கும்தான் விழுந்தது. சமூகம் குரல் கொடுத்த பிறகே கூடுதலாக இரண்டு பாடத்துக்கு அனுமதி வந்தது. அந்த இரண்டு இடத்தைப் போராடி வாங்கியிருக்கிறார்கள் என்பதற்காகவே எடுக்க வேண்டும் என்றில்லை. ஆனால் ‘வரம்பு இருக்கிறது, தமிழை விடு’ என்று யாராவது சொன்னால், வரம்பு எத்தனை, உங்கள் பட்டியல் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

காட்சிக்கலை: சுலபம் என்று நம்பி எடுப்பவர்களுக்கு

ஓவியம் நன்றாக வரைவான், ஆகவே ஏ வாங்குவான் என்ற கணக்கு இங்கே பாதிதான் உண்மை. கலை வரலாறும் கோட்பாடும் எழுத்தில் வரும். செய்முறை தனியாக உண்டு. இதற்கு மேல் மாதக்கணக்கில் ஓடும் தொகுப்பேடு, அதாவது போர்ட்ஃபோலியோ. நுண்கலை, காட்சித் தொடர்பு, வடிவமைப்பு, கைவினை என்று துறைகள் விரியும். வரையத் தெரிந்தும் எழுதச் சோம்பும் பிள்ளை எழுத்துத் தாளில் இறங்கிவிடும். சுமாராக வரைந்தாலும் தொகுப்பேட்டை ஒழுங்காக நடத்தும் பிள்ளை பெரும்பாலும் அவனைத் தாண்டிப் போகும்.

தொகுப்பேட்டில் ஆசிரியர் பார்க்க விரும்புவது முடிவான படத்தை விட, அந்தப் படத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்த பாதையை. தலைப்பைப் பற்றிய தேடல், நேரில் பார்த்து வரைந்த கோட்டோவியங்கள், வண்ணச் சோதனை, கைவிட்ட யோசனைகள், ஏன் கைவிட்டீர்கள் என்ற குறிப்பு, கடைசியில் முடிவான படைப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி வேண்டும். கடைசி வாரத்தில் உட்கார்ந்து இருபது பக்கத்தை ஒரே பேனாவில் நிரப்பினால், ஒரே மை, ஒரே கையெழுத்துச் சாய்வு, ஒரே அவசரம் எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். இணையத்திலிருந்து படத்தை அச்செடுத்து ஒட்டுவது தேடலாகாது. ஜார்ஜ்டவுன் ஆர்மீனியன் தெருவில் 2012-இல் வந்த சைக்கிள் சுவரோவியத்தை அப்படியே நகலெடுத்து வரும் தொகுப்பேடுகளைப் பினாங்கு ஆசிரியர்கள் பார்த்துச் சலித்திருப்பார்கள். அதே தெருவில் கால் மணி நேரம் நின்று, கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிக் கால்வழியின் தூண் நிழல் எப்படி விழுகிறது என்று வரைந்து வாருங்கள். லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயில் கோபுரம் 1833-ஆம் ஆண்டுக் கோயிலுடையது. அதன் ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டுப் பத்துக் கோட்டோவியம் வரையலாம். நம் வீட்டு வாசலிலேயே புள்ளிக் கோலம் இருக்கிறது. சமச்சீர், ஒழுங்குமுறை, தாளம் என்று பாடநூல் சொல்லும் வடிவமைப்புக் கோட்பாடுகளை விளக்க அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கைவினைப் பிரிவில் பலர் பாத்தேக் எடுப்பார்கள். பாத்தேக்கைச் சுவரில் மாட்டும் ஓவியமாக்கிய முன்னோடி சுவா தியான் தெங் வாழ்ந்து உழைத்த ஊர் பினாங்கு என்பதால் பார்த்து வரைய இங்கே சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் மெழுகு ஒரு பிடிவாதக்காரப் பொருள். சந்திங் எனும் சிறு செம்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை எடுத்து, சட்டத்தில் இறுக்கிக் கட்டிய பருத்தித் துணியில் கோடிழுக்க வேண்டும். மெழுகு போதிய சூடில்லை என்றால் துணிக்கு மேலேயே உறைந்து நிற்கும். சாயம் அடியில் புகுந்து அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். சூடு மிஞ்சினால் கோடு பரந்து தடித்துப்போகும். சோதிக்கும் வழி எளிது: கோடிழுத்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் மெழுகு கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தால் சரி. வெண்மையாக, பட்டும் படாமலும் இருந்தால் அந்த இடத்தில் மறுபடி இழுங்கள். கோட்டில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் சாயம் அதைக் கண்டுபிடித்துவிடும். சாயம் காய்ந்த பிறகு சோடியம் சிலிகேட் பூசிச் சில மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு அலசினால் நிறம் தண்ணீரோடு போகும். கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுப்பது. இதை முதல் முறையே முடிவான துணியில் செய்யாதீர்கள். கைக்குட்டை அளவு துண்டில் குறைந்தது மூன்று தடவை செய்து பாருங்கள். கெட்டுப்போன துண்டுகளைத் தூக்கி எறியாமல், என்ன கெட்டது என்று ஒரு வரி எழுதித் தொகுப்பேட்டில் ஒட்டுங்கள். அவையும் பாதையின் பகுதிதான். மெழுகு தீப்பற்றும் பொருள் என்பதால் வீட்டு அடுக்களையில் நேரடித் தீயில் வைத்து விட்டுப் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பொருள்கள் பற்றிச் சுருக்கமாக: 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஏ3 ஓவிய ஏடு, போஸ்டர் கலர், நீர்வண்ணம், இரண்டு தட்டைத் தூரிகை, இரண்டு உருண்டைத் தூரிகை. தொடக்கத்துக்கு இது தாராளம். மெல்லிய ஓவியத் தாளில் நீர்வண்ணம் போட்டால் தாள் அலையலையாகச் சுருங்கும். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் எனும் தடித்த தாள் வாங்குங்கள். கோட்டோவியத்துக்கு மெல்லியது போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிய பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்த ஓவியத்தில் பூஞ்சை பூக்கும். நன்றாக உலர்த்தி, படங்களுக்கு இடையே வெறுந்தாள் வைத்து, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், மழைநீரில் பை நனைந்தாலும் எதை மறுபடி செய்ய வேண்டும் என்றாவது தெரியும்.

இசை, நடனம், மற்ற மொழி இலக்கியங்கள்

எல்லாப் பள்ளியிலும் இசைக்கல்வி கிடையாது. இருக்கும் இடத்தில் எழுத்தும் உண்டு, கருவி வாசிப்பும் உண்டு. சிறு வயதிலிருந்து மிருதங்கமோ வயலினோ வீணையோ கற்றுக்கொள்ளும் பிள்ளை, ‘நான் வாசிக்கும் கருவியைச் செய்முறைக்கு எடுத்துக்கொள்ளலாமா, மதிப்பிட ஆள் உண்டா’ என்று இசை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். எழுத்துத் தாளில் மேலைநாட்டு இசைக் குறியீடு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்வரம் தெரிந்த பிள்ளைக்கு அது புது எழுத்து கற்பது போல. முதல் சில மாதம் கூடுதல் நேரம் பிடிக்கும். வயலினிலோ பியானோவிலோ முன்பே கிரேடுத் தேர்வு எழுதியவர்களுக்கு அந்தப் பகுதி பழகிய பாதை.

பரதம் சாதாரண இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். பாடமாக இருப்பதில்லை. ஆனாலும் அது வீண்போகாது. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மெரிட் மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. பள்ளிப் பண்பாட்டுக் குழு, மாவட்டப் போட்டி, மேடை நிகழ்ச்சி ஆகியவற்றின் சான்றிதழ்களை ஒரே கோப்பில் சேர்த்து வாருங்கள். நடனமோ நாடகமோ முழு மூச்சாக வேண்டும் என்றால் கல்வி அமைச்சின் கலைப்பள்ளிகள், அதாவது செகோலா செனி மலேசியா, இருக்கின்றன. அங்கே சேர விண்ணப்பமும் திறன் சோதனையும் உண்டு. படிவம் 4 போராங் வந்த பிறகு அதை யோசிப்பது தாமதம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டிலேயே விசாரிக்க வேண்டிய விஷயம் அது.

ஆங்கில இலக்கியம் ஆங்கிலத்தில் சரளமாக எழுதும் பிள்ளைக்கு ஏற்றது. கற்பிக்கும் பள்ளிகள் குறைவு, ஆனால் தொகுப்பேடு இல்லாததால் டியூஷன் துணையோடு தனியாகப் படிப்பவர்களும் உண்டு. மலாய் இலக்கியத்தில், மலாய்மொழியில் நீண்ட விடை எழுதும் கை வேண்டும். படிவம் 3-இல் மலாய்க் கட்டுரைக்கே திணறும் பிள்ளை அதைத் தவிர்ப்பது நல்லது.

புவியியல், பொருளியல், வணிகவியல், கணக்கியல் ஆகியவை கலைத் தொகுப்புகளில் ஓவியத்தோடும் இலக்கியத்தோடும் ஜோடி சேர்ந்து வரும். இவற்றில் கணக்கியல் மட்டும் விடாப்பிடியான தினசரிப் பயிற்சி கேட்கும்; ஒரு வாரம் விட்டால் அடுத்த அத்தியாயம் புரியாது. மற்ற மூன்றையும் திட்டமிட்டு வாசித்துப் பிடித்துவிடலாம்.

படிப்படியாக முடிவெடுக்க

முதல் படி, பள்ளி உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்று அறிவது. தக்லிமாட் எனும் விளக்கக் கூட்டத்துக்குப் பெற்றோரில் ஒருவராவது கட்டாயம் போங்கள். அங்கே கேட்க ஐந்து கேள்விகள்: இந்தப் பாடத்துக்கு இந்த ஆண்டு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? வகுப்பில் எத்தனை இடம்? போன ஆண்டு குறைந்தபட்சம் எவ்வளவு மதிப்பெண் வரை எடுத்தீர்கள்? கெர்ஜா குர்சுஸ் எனும் கோப்புப் பணி உண்டா, எந்த மாதம் முடிக்க வேண்டும்? தமிழ் வகுப்பு இந்தத் தொகுப்பின் வகுப்போடு நேரத்தில் மோதுமா? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பள்ளி திறந்த பிறகு அதிகம் புகார் வருவதும் அதில்தான்.

அடுத்தது பாரத்தை எண்ணுவது. ஒரு தாளை எடுத்து, கோப்புப் பணி உள்ள பாடங்களை ஒரு பக்கமும், எழுத்துத் தேர்வு மட்டும் உள்ளவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். எங்கள் கணிப்பில், கோப்புப் பணி உள்ள பாடம் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. காட்சிக்கலையோடு தொழில்திறன் பாடமான பல்லூடகத் தயாரிப்பையோ உள்ளக அலங்காரத்தையோ சேர்த்தால், இரண்டின் கெடுவும் படிவம் 5-இல் ஒன்றாக வந்து நிற்கும். அதே சமயம் எல்லாமே எழுத்துத் தாளாக எடுப்பதும் சரியில்லை. கையால் செய்து நிதானமாக மதிப்பெண் சேர்க்கும் பாடம் ஒன்று, தேர்வு அறையில் பதறும் பிள்ளைக்குப் பெரிய தாங்கல்.

பிறகு பழைய தாளைப் போட்டுப் பார்ப்பது. புத்தகக் கடையில் கிடைக்கும் எஸ்.பி.எம். பயிற்சி நூல்களில் நீங்கள் யோசிக்கும் பாடத்தின் ஒரு தாளை எடுத்து, நாற்பது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். விடை தெரியாது, அது எதிர்பார்த்ததுதான். கேள்வியை வாசிக்கும்போது ‘இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்று தோன்றுகிறதா, ‘எப்போது முடியும்’ என்று தோன்றுகிறதா என்பதுதான் சோதனை. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் இதில் பொய் சொல்வதில்லை.

அதன்பின் வாசல்களைப் பார்ப்பது. கிரெடிட் என்றால் சி-யும் அதற்கு மேலும். தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்குப் பொதுவாக 3 கிரெடிட், ஃபவுண்டேஷனுக்கு 5 கிரெடிட் கேட்பார்கள். கலை, வடிவமைப்பு டிப்ளோமாவுக்குக் காட்சிக்கலையில் கிரெடிட் இருந்தால் நல்லது. இல்லாதவர்களை ஓவியத் தேர்வோ போர்ட்ஃபோலியோவோ வைத்துப் பார்ப்பார்கள். படிவம் 6-இல் கலைப் பிரிவு எடுத்தால் பொதுப் பாடத்தோடு காட்சிக்கலை, தமிழ்மொழி, வரலாறு, பொருளியல் போன்றவற்றில் தொடரலாம். அங்கிருந்து பினாங்கிலேயே உள்ள யுஎஸ்எம் எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையோ, 1956 முதல் இயங்கும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையோ எட்டும் தூரம். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக ஆசைப்படும் பிள்ளை எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியை விடவே கூடாது. பின்னால் வருந்தி எழுதலாம், ஆனால் ஒரு வருடம் போய்விடும். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: மருத்துவம், பொறியியல் வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், தூய அறிவியல் பாடங்கள் இல்லாத தொகுப்பு அந்த வாசலை ஏறக்குறைய மூடிவிடும். கட்டடக்கலை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வரையும் கையும் வேண்டும், கணிதமும் வேண்டும், சில இடங்களில் இயற்பியலும் கேட்பார்கள். குழப்பம் தீராத பிள்ளைக்கு, ஸ்டெம் தொகுப்பில் இருந்துகொண்டே காட்சிக்கலையையோ தமிழையோ கூடுதல் பாடமாக எடுக்க முடியுமா என்று ஆலோசக ஆசிரியரிடம் கேளுங்கள். தமிழுக்கு வழி எளிது. கோப்புப் பணி உள்ள பாடத்துக்கு, பொறுப்பேற்று மதிப்பிடும் ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருந்தாக வேண்டும். வெளியில் டியூஷன் எடுத்துச் சமாளிக்க முடியாது.

கடைசியாகப் போராங்கை நிரப்புவது. மூன்று விருப்பத்தையும் உண்மையாக எழுதுங்கள். ஒரே தொகுப்பை மூன்று கட்டத்திலும் எழுதினால் அதுவே கிடைக்கும் என்ற நம்பிக்கை சில வீடுகளில் இருக்கிறது. முதல் விருப்பம் நிரம்பிவிட்டால், அப்படி எழுதிய பிள்ளையைப் பள்ளி இடமிருக்கும் ஏதாவது ஒன்றில் போட்டுவிடும். இரண்டாவது விருப்பமாக, முதலாவதிலுள்ள உங்களுக்கு முக்கியமான பாடம் இடம்பெறும் வேறொரு தொகுப்பை எழுதுங்கள். கொடுக்கும் முன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டது கிடைக்கவில்லை என்றால்

பட்டியல் ஒட்டப்பட்ட முதல் நாளே ராயுவான் எனும் முறையீட்டுப் போராங் இருக்கிறதா என்று ஆபீசில் கேளுங்கள். பள்ளி தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் வேறு பள்ளிக்கு மாறிப்போகும் பிள்ளைகளால் இடங்கள் காலியாகும். அந்த நேரத்தில் கையில் கடிதத்தோடு நிற்பவருக்கே அவை போகும். கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தத் தொகுப்பிலிருந்து எதற்கு, ஏன், என்ன சான்று. ‘ஆர்வம் அதிகம்’ என்று மட்டும் எழுதினால் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். காட்சிக்கலை கேட்பவர் ஆறேழு ஓவியங்களின் நகலை இணைக்கலாம், தமிழ் இலக்கியம் கேட்பவர் படிவம் 3 தமிழ் மதிப்பெண்ணையும் கட்டுரைப் போட்டிச் சான்றிதழையும் இணைக்கலாம். கடிதம் மலாயில் இருக்கட்டும், பிள்ளையே எழுதட்டும், பெற்றோர் கையொப்பமிடட்டும்.

முறையீடு போய்ச் சேர்ந்த பிறகும் பதில் வரும்வரை, ஒதுக்கப்பட்ட வகுப்புக்குத் தவறாமல் போக வேண்டும். மாற்றம் கிடைத்தால் முதல் இரண்டு வாரம் தவறவிட்ட குறிப்புகளை அந்த வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். தொகுப்பேடு உள்ள பாடமாக இருந்தால், தலைப்பும் முதல் கெடுவும் என்ன என்று ஆசிரியரைப் பார்த்ததும் கேளுங்கள். மாதம் ஒன்று தாண்டிய பிறகு மாறுவதைப் பெரும்பாலான பள்ளிகள் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டாலும் காட்சிக்கலையைப் பொறுத்தவரை யோசித்துத்தான் இறங்க வேண்டும். தவறிய பக்கங்களைப் பின்தேதியிட்டு நிரப்பும் ஆசை வரும். அதற்குப் பதிலாக, சேர்ந்த தேதியையே முதல் பக்கத்தில் எழுதி, அங்கிருந்து தொடங்குங்கள்.